திருவிழாவைத் தாங்கிய மாடும் வரியும்

ஐம்பது வயதைக் கடந்த யாரிடம் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைவீதியில்தான் தொடங்கும். குடைராட்டினம், மணிக்கட்டில் கடிகாரமாகச் சுற்றிவிட்ட ஜவ்வு மிட்டாய், பனையோலைக் காற்றாடி, விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பியது. இவை அத்தனையும் உண்மை. ஆனால் இவை சிறு பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தவை. அதே நாட்கள் பெரியவர்களுக்கு வேறாக இருந்தன. மாடு மாற்றுவதற்கும், கொடுக்கல் வாங்கலை நேர்செய்வதற்கும், பெண் பார்ப்பதற்கும், பங்காளித் தகராறைப் பேசி முடிப்பதற்கும் ஆண்டில் வாய்த்த ஒரே தருணம் அது. கேளிக்கை அந்தக் கூட்டத்தை நம்பி வந்ததே தவிர, கூட்டம் கேளிக்கையை நம்பி வரவில்லை. திருவிழாக்கள் ஏன் மாறின என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுவதால்தான் "அந்தக் காலம்போல வருமா" என்ற பெருமூச்சோடு நின்றுவிடுகிறார்கள்.

காலத்திலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டு அம்மன் கோவில் திருவிழாக்களில் பெரும்பகுதி மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் வருகிறது. இன்னொரு பகுதி ஆடியில். காவிரிப் படுகையிலும் ஏரிப் பாசன ஊர்களிலும் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். நெல் வீடு வந்திருக்கும், கையில் நாலு காசு புரளும், மாட்டுக்கும் ஆளுக்கும் வேலை இருக்காது. கூத்துக்கும் கடைகளுக்கும் வேண்டிய திடலை அறுத்த வயலே தந்துவிடும். கோடைக்கு இன்னொரு முகமும் உண்டு. அம்மை பரவும் பருவம் அது. பெரியம்மை வீடு வீடாக உயிர் குடித்த தலைமுறைகள் மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டியதும் கூழ் ஊற்றியதும் உயிர் அச்சத்தோடுதான். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1975இல். உலகை விட்டே ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அச்சம் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பால்குடமும் அக்னிச்சட்டியும் குறையவில்லை. இன்று அவற்றைச் சுமப்பவர்களின் வேண்டுதல் பிள்ளைக்கு வேலை, கல்யாணம், கடன் தீர்வது என்று மாறியிருக்கிறது.

திருவிழா நாள் என்பது காலங்காலமாக அசையாமல் இருந்த ஒன்றல்ல. மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது என்றும், அழகர் தேனூரில்தான் வைகையில் இறங்கினார் என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டும் சித்திரையில் மதுரையில் இணைந்தன என்றும் சொல்லப்படுகிறது. அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் மக்கள் தேரிழுக்கத் திரளுவார்கள் என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகக் காட்டப்படுகிறது. சித்திரைக் கூட்டத்தோடு மாட்டுச் சந்தையும் கூடியது. மதுரையின் வெளியூர் பஸ் நிலையம் இன்றும் மாட்டுத்தாவணி என்றே அழைக்கப்படுகிறது. ஆக, ஆள் சேருகிற நாளைப் பார்த்துச் சாமிக்கு நாள் குறிப்பது புதுப் பழக்கமல்ல. வெளியூர்ப் பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து இன்றைய விழாக் குழுக்கள் மே மாதத்துக்குத் தேதியைத் தள்ளுவதைக் குறை சொல்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கொங்குப் பகுதியில் பூச்சாட்டு, வேறு இடங்களில் காப்புக் கட்டு, தெற்கே கொடை விழாவுக்குக் கால்நாட்டு எனப் பெயர் எதுவானாலும், திருவிழா தொடங்குவதைச் சொல்லும் அந்த அறிவிப்புக்குப் பிறகு ஊருக்குச் சில கட்டுப்பாடுகள் வந்துவிடும். கல்யாணம் வைக்கக் கூடாது. காப்புக் கட்டியவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பக்தியின் பெயரால் வந்த இந்த விதிகளின் பலன் மிகவும் நடைமுறை சார்ந்தது: ஊரின் ஆட்கள் அனைவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வருவார்கள். மாமன் மச்சான்கள் வருவார்கள். தபாலும் தொலைபேசியும் எட்டாத காலத்தில் உறவுகள் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தது அந்தத் திண்ணைகளில்தான்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பெரிய கோவில்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. ஒவ்வொரு நாள் விழாவையும் ஒரு குடும்பமோ சமூகமோ ஏற்கும் மண்டகப்படி முறை இருந்தது. சிறிய ஊர்க் கோவிலுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே தலைக்கட்டு வரிதான். மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பண்ணையாருக்கும் ஒரு வரி, அவர் வயலில் ஏர் ஓட்டுகிறவருக்கும் அதே வரி. பல ஊர்களில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அரை வரி. கட்ட முடியாதவர் கடன் வாங்கியாவது கட்டுவார். ஏனென்றால் அந்த வரி ஊரில் ஒருவருக்கு இருக்கும் இடத்தின் அடையாளம். வரி கட்டியவருக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச வாய், கோவிலில் பிரசாதப் பங்கு, வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வந்து நிற்கும் உரிமை. ஒருவரை ஊர் ஒதுக்கிவைக்க நினைத்தால் முதலில் செய்வது அவரிடம் வரி வாங்க மறுப்பதுதான்.

இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போகக் கூடாது. இனிய நினைவுகளாக நாம் சொல்லிக்கொள்ளும் திருவிழாக்கள் பலவற்றில் ஊரின் ஒரு பகுதியே வரி கட்ட அனுமதிக்கப்பட்டது. சேரியில் வாழ்ந்தவர்கள் பறையடித்தார்கள், பந்தலுக்குக் கால் நட்டார்கள், தேர் வரும் பாதையைச் செப்பனிட்டார்கள். ஆனால் வடம் அவர்கள் கைக்கு வரவில்லை, தேர் அவர்கள் தெருவுக்குள் போகவில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமையை ஒட்டி 1990களின் இறுதியில் எழுந்த பிரச்சினை நீதிமன்றம் வரை சென்றது. இடையில் சில ஆண்டுகள் காவல்துறைப் பாதுகாப்போடு ஓடிய தேர் பிறகு நின்றது. 2024 ஜூனில்தான் மறுபடியும் ஓடியது. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் என்ற தகராறில் பூட்டப்பட்ட கோவில்கள் இன்றும் உண்டு. தன் பெயர் வரிப் பட்டியலில் இல்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அதே குடைராட்டினம் என்ன நினைவைத் தந்திருக்கும் என்று கேட்காமல் எழுதப்படும் திருவிழா நினைவுகள் அரைகுறையானவை என்பதே என் உறுதியான எண்ணம்.

பெண்களின் நினைவும் தனி. ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. ஆனால் முளைப்பாரி அவர்களுடையது. இருட்டு அறையில் எருவும் மண்ணும் பரப்பிய சட்டியில் நவதானியம் தூவி, நீர் தெளித்து, கும்மி கொட்டி, வெளிறிய மஞ்சளாய் வளர்ந்த பயிரைத் தலையில் சுமந்து வரும் அந்தச் சடங்கை, முளைப்புத்திறன் பார்க்கும் விதைச் சோதனையாகவும் சிலர் விளக்குவார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு வாரம் பெண்கள் மட்டும் இரவில் கூடிப் பாடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது என்பது. சந்தைக்கு ஆண்களே போய்வந்த காலத்தில், தாங்களே கடை கடையாக ஏறி விலை கேட்டு வளையல் அடுக்கிக்கொண்டதும் அந்த நாட்களில்தான்.

இனி மாடு. தமிழ்நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகள் பல கோவில் விழாக்களை ஒட்டி வளர்ந்தவை. காங்கேயம் வட்டாரத்தில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவோடு சித்திரையில் கூடும் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போனது. ஆடியில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் விழாவுக்கு மாடுகளோடு குதிரைகளும் வரும். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளை வரிசையாகப் பார்க்கத் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய இடம் இல்லை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கிருந்து குதிரை வாங்கியதாக ஊரில் சொல்வார்கள். மணப்பாறை, பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம் போன்றவை வாரந்தோறும் கூடுபவை. வாரச் சந்தையில் அவசரத்துக்கு விற்பார்கள். திருவிழாச் சந்தைக்கு ஆண்டு முழுவதும் வளர்த்த மாட்டைக் கொம்பு சீவி, குளிப்பாட்டி, கழுத்தில் மணி கட்டிக் கொண்டுவருவார்கள். உழவன் தன் உழைப்பை ஊருக்குக் காட்டும் இடம் அது.

அங்கே நடக்கும் வியாபாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு மெதுவானது என்று. வாங்க வருகிறவர் முதலில் மாட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மாட்டின் உடலில் மயிர்ச் சுழி பார்ப்பார், ராஜசுழி இருந்தால் முகம் மலரும், ஆகாத சுழி இருந்தால் எவ்வளவு நல்ல மாடானாலும் நகர்ந்துவிடுவார். பிறகு வாயைப் பிரித்துப் பல் பிடிப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே இருக்கும் எட்டுப் பற்களில்தான் வயது எழுதியிருக்கிறது. பால்பல் விழுந்து முதல் இரண்டு நிலைப்பற்கள் முளைத்தால் ஏறத்தாழ இரண்டரை வயது. நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் சேர ஐந்து வயதை நெருங்கிவிடும். அதற்கு மேல் பல்லின் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. அடுத்து, மாட்டை நடக்கவிட்டு முன்னங்கால் பதிந்த தடத்தில் பின்னங்கால் விழுகிறதா என்று பார்ப்பார். இவ்வளவுக்கும் பிறகுதான் தரகர் தோளிலிருந்து துண்டை எடுப்பார்.

துண்டுக்குள் இரண்டு கைகள். எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதே விலை. நூற்றில் பேசுகிறோமா ஆயிரத்தில் பேசுகிறோமா என்பது இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் தலையாட்டல் மட்டுமே தெரியும். இது வெறும் ரகசிய விளையாட்டல்ல. படியாத விலை வெளியே தெரிந்தால் அடுத்து வருகிறவர் அதற்குக் கீழேதான் கேட்பார். மாட்டுக்காரர் அன்று நட்டத்தில் விற்பார். குறைத்துக் கேட்டவருக்கும் நாலு பேர் முன்னால் தலைகுனிவு இல்லை. விலை படிந்ததும் முன்பணம் கைமாறும். எழுத்து கிடையாது, தரகரின் வார்த்தைதான் ஈடு. அடுத்த ஆண்டும் அவர் அதே மரத்தடியில் நின்றாக வேண்டும் என்பதே அந்த வார்த்தைக்கு மதிப்பைத் தந்தது. மாட்டை விற்றாலும் கட்டிய கயிற்றைக் கொடுப்பதில்லை என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால்தான் சந்தை ஓரத்தில் மூக்கணாங்கயிறு, தும்பு, சலங்கை, சாட்டை விற்கும் கடைகளும் லாடம் அடிப்பவர்களும் வரிசை கட்டினார்கள். அந்தக் கடைகளைத் தேடி வந்த கூட்டத்துக்காகத் தேநீர்க் கடை, தேநீர்க் கடைக்கு வந்த கூட்டத்துக்காக மிட்டாய்க் கடை, பிள்ளைகள் வந்ததால் ராட்டினம்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தது 1960களுக்குப் பிறகு. மின்மோட்டார் வந்ததும் கிணற்றிலிருந்து கவலையில் நீர் இறைக்க மாடு தேவைப்படவில்லை. டிராக்டர் வந்ததும் ஏர் மாடு குறைந்தது. லாரியும் டெம்போவும் வந்ததும் பார வண்டி நின்றது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. அதை வாங்க ஆடி வரை, சித்திரை வரை யாரும் காத்திருப்பதில்லை. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி எனத் தனித்தனி மண்ணுக்கேற்ற இனங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது இந்தச் சந்தைகளின் மௌனமான பணி. நல்ல காளைக்கு நல்ல விலை கிடைக்கும் இடம் இருந்தவரை நல்ல காளையை வளர்க்க ஆளும் இருந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோதும், 2017 ஜனவரியில் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டபோதும் நாட்டு மாட்டின் எதிர்காலம் விவாதத்தின் நடுவுக்கு வந்தது அதனால்தான். மாநிலச் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. காளைக்கு ஒரு வாசல் திறந்தது; ஏர் மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் அப்படி எதுவும் இல்லை. அதே 2017 மே மாதத்தில் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உடனே இடைக்காலத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. உழவுக்கு ஆகாத மாட்டை விற்ற காசில்தான் விவசாயி அடுத்த மாட்டை வாங்குகிறார் என்ற எளிய கணக்கு அந்தச் சில வாரங்களில் ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது.

இரவுக் கலைகளின் கதை வேறு விதமானது. "சினிமா வந்தது, கூத்து அழிந்தது" என்று ஒரே வரியில் முடிப்பது சரியல்ல. வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோவில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாட்கணக்கில் நடக்கும். அர்ச்சுனன் தபசன்று உயரமான பனைமரத்தில் அர்ச்சுனன் வேடதாரி பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசியில் படுகளம். திடலை அடைத்துப் படுத்திருக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனனைச் சுற்றிச் சண்டை நடந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்த பிறகே தீமிதி. இங்கே கூத்து இல்லையென்றால் சடங்கே இல்லை. ஆகவே கூத்து நிலைத்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் அதை நகர மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுபோக முடிந்ததற்கு அடியில் இந்தக் கிராமத்துத் தேவைதான் இருந்தது. தென்கோடியில் அம்மன் கொடைக்கும் சுடலைமாடன் கொடைக்கும் வில்லுப்பாட்டு இதே நிலையில் இருக்கிறது. சாமியின் கதையைப் பாடினால்தான் சாமியாடிக்கு அருள் வரும்; ஒலிநாடாவை ஓடவிட்டு அதைச் செய்ய முடியாது.

சடங்கோடு கட்டப்படாத கலைகள்தாம் இடத்தை இழந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் விழா இரவுகளை ஆண்டன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்தித்து விடியும் வரை வாதம் செய்வது இந்த நாடகத்தின் அழகு. இது இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் போட்டியாளர்கள் அதிகம். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கினார். மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் நடமாடும் சினிமாவுக்கு வசதியானது. 1980களில் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியைக் கோவில் திண்ணையில் வைத்து இரவில் மூன்று படம் ஓட்டினார்கள். ஒரு நாடகக் குழுவுக்குத் தர வேண்டிய தொகையில் சிறு பகுதிதான் செலவு என்பதால் வரி வசூல் குறைந்த ஊர்கள் அதற்குத் தாவின. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் அந்த டெக்கும் போனது. ஊருக்குள் எங்கும் பார்க்கக் கிடைக்காத ஒன்றைத் தேடிய இளைஞர்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போனார்கள். அதன் ஆபாசம் பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றக் கதவைத் தட்டுவது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. பெண்கள் பாதியில் எழுந்துபோக வேண்டிய ஒரு நிகழ்ச்சியை அம்மன் சந்நிதிக்கு எதிரில் வைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கடைக்காரர்களின் ஆண்டுச் சுற்றைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. வளையல், பொம்மை, பாத்திரம், மிட்டாய் விற்பவர்களுக்கும் ராட்டினக்காரர்களுக்கும் மத வேறுபாடு தெரியாது. கோடையில் மாரியம்மன் கோவில்கள், ஆகஸ்ட் 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் முடியும் வேளாங்கண்ணி, ஹிஜிரி மாதத்தைப் பொறுத்து நகரும் நாகூர் கந்தூரியும் ஏர்வாடி சந்தனக்கூடும் என ஒரே குடும்பம் மூன்று நாட்காட்டிகளையும் மனப்பாடமாக வைத்திருக்கும். நான்கு மரத் தொட்டில்களைக் கையால் தள்ளிச் சுற்றிய ராட்டினத்துக்கு இரண்டு ஆள் போதும், கழற்றினால் ஒரு மாட்டு வண்டியில் அடங்கும். ஜெயன்ட் வீலுக்கு லாரி, ஜெனரேட்டர், பொறியாளர் சான்று, தீயணைப்புத் துறை அனுமதி எல்லாம் வேண்டும். அத்தனை முதலீட்டோடு வருகிறவர் சிறிய ஊரில் மூன்று நாள் கூட்டத்துக்காகக் கடைபோட மாட்டார். பெரிய விழாக்கள் மேலும் பெரிதாவதற்கும் சின்ன ஊரில் பஞ்சு மிட்டாய்க்காரரும் பலூன்காரரும் மட்டும் மிஞ்சுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அரசின் கையும் நீண்ட காலமாகத் திருவிழாவில் இருக்கிறது. கூட்டம் கூடினால் காலரா பரவும் என்ற கவலையில் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. குடிநீர், கழிப்பிடம், நோய்த் தடுப்பு ஏற்பாடுகள் உள்ளாட்சிகளின் பொறுப்பாயின. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பச்சிளம் குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெருவில் இந்த விதி நியாயமானது. விடியும்வரை நடக்க வேண்டிய நாடகத்துக்கு அதுவே பெரிய முட்டுக்கட்டை. எப்போது மைக்கை அணைக்கச் சொல்வார்களோ என்ற பதைப்போடு கலைஞர்கள் ஆடுகிறார்கள். சில விதிகள் இன்னும் கடுமையாகவே இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் தரை உயர்கிறது. தேரின் அலங்காரமும் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. கம்பி மட்டும் அதே உயரத்தில் இருக்கிறது. தேர் கிளம்புவதற்கு முன் பாதை முழுவதும் அளந்து பார்ப்பதும் மின் இணைப்பைத் துண்டிப்பதும் எந்த ஊருக்கும் முடியாத காரியமல்ல.

இன்றைய மாற்றங்களில் ஆழமானது எது என்று கேட்டால், வண்ண விளக்கையோ டிஜே ஒலியையோ நான் சொல்ல மாட்டேன். வரி நன்கொடையாக மாறியதைச் சொல்வேன். திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் கோபுரம் எழுகிறது, அன்னதானம் நடக்கிறது. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிழைக்கப் போன இடத்தில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வரி இருந்தபோது செலவைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. இப்போது பெரிய தொகை தந்தவரின் படம் பிளெக்ஸில் பெரிதாக வருகிறது. எந்த நிகழ்ச்சி, எந்தக் குழு, எத்தனை நாள் என்பதிலும் அவர் சொல் எடுபடுகிறது. மறுபக்கத்தில், வரிப் பட்டியல் கதவடைத்த குடும்பங்கள் சில, வெளியூர்ச் சம்பாத்தியத்தில் தங்கள் தெருவில் தாங்களே கோவில் கட்டி, யார் அனுமதியையும் கேட்காமல் திருவிழா எடுக்கின்றன. பழைய ஏற்பாடு தளர்ந்ததால் வந்த நன்மை இது.

2020, 2021 கோடைகளில் கொரோனா ஊரடங்கு திருவிழாக்களை நிறுத்தியபோது, அவற்றை நம்பி எத்தனை தொழில்கள் இருக்கின்றன என்பது வெளியே தெரிந்தது. நாடகக் கலைஞர்கள், நையாண்டி மேளக்காரர்கள், கரகாட்டக்காரர்கள், பந்தல் போடுபவர்கள், மைக் செட்காரர்கள், பூ விற்பவர்கள், மண்ணில் குதிரையும் மதலையும் செய்து சுடும் வேளார்கள் எனப் பல குடும்பங்களின் ஆண்டு வருமானம் மாசிக்கும் ஆடிக்கும் இடையில்தான் வருகிறது. இரண்டு பருவங்கள் தொடர்ந்து போனதில் தவிலையும் உடையையும் விற்றவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. நலவாரிய உதவித்தொகை கிடைத்தவர்களுக்கும் அது சில வாரங்களுக்கே போதுமானதாக இருந்தது.

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி, பி. கே. நம்பியார் பொறுப்பில் சென்னை மாநிலத்தின் சந்தைகளும் திருவிழாக்களும் தனித் தொகுதியாகப் பட்டியலிடப்பட்டன. எந்த ஊர், எந்தச் சாமி, எந்த மாதம், எவ்வளவு கூட்டம் என்று அதில் பார்க்கலாம். அதற்குப் பிந்தைய மாற்றங்களுக்கான நல்ல சான்று ஊர்ப் பெரியவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் வரவு செலவு நோட்டுகளில் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் வாடகை, வேட்டுச் செலவு, கூத்துக்காரருக்கு வெற்றிலை பாக்கு, மேளகாரருக்கு நெல் என்று ஒவ்வொரு வரியிலும் அந்த ஆண்டின் ஊர் இருக்கிறது. எந்த ஆண்டில் பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்தது, எந்த ஆண்டில் நெல்லுக்குப் பதில் ரூபாய் கொடுத்தார்கள், வரிப் பட்டியலில் எந்தத் தெரு இல்லை, எந்த ஆண்டில் அது சேர்க்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே பேனா மையில் பதிந்திருக்கிறது. பழுத்த தாள்கள் அவை. கரையானும் மழை ஒழுக்கும் ஆண்டுதோறும் சிலவற்றைத் தின்கின்றன. அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும் ஒரு பிரதியைப் பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலும் கொடுத்துவைக்கலாம். நோட்டை வைத்திருப்பவரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயரும் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்வது அதைவிட அவசரம்.